கிரீன் பே அணியின் பந்து பிடிப்போர் பற்றாக்குறை: 2022 பருவம் காட்டியது என்ன?

அமெரிக்கக் கால்பந்தில் புதிய பருவம் தொடங்கும் முன் ஒவ்வோர் அணியின் நிறைகுறைகளும் அலசப்படும்போது அடிக்கடி எழும் கேள்விகளுள் ஒன்று, எறியப்படும் பந்தைப் பிடிப்பதற்கென்றே அமர்த்தப்படும் 'வைட் ரிசீவர்' வீரர்கள் போதுமான அளவில் இருக்கிறார்களா என்பதாகும். என்எஃப்எல் எனப்படும் தேசியக் கால்பந்து லீக்கின் 32 அணிகளுள் பழமையும் பெருமையும் மிக்க கிரீன் பே பேக்கர்ஸ் அணி, 2022ஆம் ஆண்டின் கோடையில் இக்கேள்விக்கு விடை சொல்ல இயலாத நிலையில் நின்றது. அதற்கு முந்தைய மூன்று பருவங்களிலும் தலா 13 ஆட்டங்களில் வென்றிருந்த அணி அது. 2020, 2021 ஆகிய இரு பருவங்களிலும் லீக்கின் மிகச் சிறந்த வீரர் என்ற விருதைப் பெற்ற ஆரன் ராட்ஜர்ஸ் அவ்வணியில்தான் பந்து எறிந்தார். அப்படிப்பட்ட அணி ஒரே பருவத்தில் 8 வெற்றி, 9 தோல்வி என்ற நிலைக்கு இறங்கியதற்குப் பல காரணங்கள் உண்டெனினும், அவற்றுள் முதன்மையானது பந்து பிடிப்போர் வரிசையில் விழுந்த வெற்றிடமே. அந்த வெற்றிடம் எவ்வாறு உருவானது, அதை நிரப்புவது ஏன் கடினமாயிற்று என்பதை விளங்கிக்கொள்ள, முதலில் அந்த வீரரின் பணி இன்னதென்று அறிய வேண்டும்.

வைட் ரிசீவரின் பணி

தமிழ் வாசகர்கள் கால்பந்து என்று அறிந்த ஆட்டத்துக்கும் இதற்கும் பெயரளவில் ஒற்றுமை உண்டே தவிர, ஆடும் முறையில் இரண்டும் வேறானவை. இங்கு நீள்வட்ட வடிவப் பந்து பெரும்பாலும் கையால் எறியப்படுகிறது அல்லது கையில் ஏந்திச் செல்லப்படுகிறது. பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் குறைந்தது 10 கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் புதிதாக நான்கு முயற்சிகள் கிடைக்கும், இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். இவ்வாறு படிப்படியாகச் சென்று எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைச் சேர்ப்பதே 6 புள்ளிகள் பெற்றுத்தரும் 'டச் டவுன்' ஆகும்.

தாக்கும் அணியின் 11 பேரில் ஐவர் முன்வரிசையில் நின்று எதிரிகளைத் தடுக்கும் பருத்த உடல்வாகினர். அவர்களுக்குப் பின்னால் நின்று ஆட்டத்தை நடத்துபவர் 'குவார்ட்டர்பேக்'. எஞ்சிய ஐவரும் எறியப்படும் பந்தைப் பிடிக்க விதி இடமளிக்கிறது. இந்த ஐவருள் பந்தை ஏந்தி ஓடுபவர் 'ரன்னிங் பேக்' என்றும், தடுப்பதும் பிடிப்பதுமாகிய இரு வேலைகளையும் செய்பவர் 'டைட் எண்ட்' என்றும், களத்தின் ஓரங்களை ஒட்டி விரிந்து நின்று வேகத்தாலும் நுட்பத்தாலும் காவலரை ஏமாற்றிப் பந்தைப் பிடிப்பவர்கள் வைட் ரிசீவர்கள் என்றும் அழைக்கப்படுகின்றனர். இன்றைய ஆட்டத்தில் பெரும்பாலான முயற்சிகளில் மூன்று வைட் ரிசீவர்கள் களத்தில் இருப்பார்கள். அணிகள் தங்கள் 53 பேர் கொண்ட இறுதிப் பட்டியலில் வழக்கமாக ஐந்து முதல் ஏழு பேரை இவ்விடத்துக்கு வைத்துக்கொள்கின்றன.

இவ்வீரர் ஓட வேண்டிய பாதை 'ரூட்' எனப்படும். நேராகச் சில கஜம் ஓடி உட்புறம் திரும்புவது, வெளிப்புறம் வெட்டித் திரும்புவது, திடீரென நின்று எறிபவரை நோக்கித் திரும்புவது, நிற்காமல் எல்லைவரை ஓடுவது எனப் பாதைகள் பலவகைப்படும். குவார்ட்டர்பேக்கின் கையில் பந்து தங்கும் நேரம் பெரும்பாலும் மூன்று விநாடிக்குள்தான். ஆகவே அவர், பிடிப்பவர் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே, அவர் வந்து சேரப்போகும் இடத்தை நோக்கிப் பந்தை விடுகிறார். பல பாதைகளில், எதிரணிக் காவலர் நிற்கும் விதத்தைப் பார்த்து ஓட்டத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையும் பிடிப்பவருக்கு உண்டு. எறிபவரும் பிடிப்பவரும் ஒரே காட்சியைக் கண்டு, ஒரே நொடியில், ஒரே முடிவுக்கு வந்தால்தான் அந்த எறிதல் பலிக்கும். இருவரில் ஒருவர் வேறாக நினைத்தாலும் பந்து வெற்றிடத்தில் விழும் அல்லது எதிரியின் கையில் சேரும்.

பற்றாக்குறையால் களத்தில் நேர்வது

திறமையான வைட் ரிசீவர் ஒருவர் பந்தைத் தொடாத முயற்சியிலும் அணிக்குப் பயன்படுகிறார். அவரைத் தனியொரு காவலரிடம் விட்டுவைக்க எதிரணி அஞ்சுவதால், இன்னொரு காவலரைத் துணைக்கு அனுப்புகிறது. அதனால் களத்தின் வேறோர் இடத்தில் ஓர் ஆள் குறைகிறார். 53 கஜத்துக்குச் சற்று மிகுந்த அகலமுடைய களத்தில், ஒரு காவலர் பின்னோக்கி இழுக்கப்பட்டால்கூட ஏந்தி ஓடுபவருக்கு வழி திறக்கும். அச்சம் தரும் ரிசீவர் எவரும் இல்லாத அணிக்கு எதிராகவோ காவலர்கள் துணிந்து முன்னேறி நிற்கிறார்கள், ஓட்டத்தை அடைக்கிறார்கள், பிடிப்பவர்களைத் தொடக்கத்திலேயே மறித்து அவர்களது நேரக் கணக்கைக் குலைக்கிறார்கள். எறிபவர் பந்தை நெடுநேரம் வைத்திருக்க நேர்வதால் முன்வரிசைத் தடுப்பாளர்களின் சுமையும் கூடுகிறது. இவ்வாறு ஓரிடத்துக் குறை அணியின் எல்லா உறுப்புகளுக்கும் பரவுவதால்தான், பருவத்துக்கு முந்தைய மதிப்பீடுகளில் இந்த இடம் இவ்வளவு கவனத்தைப் பெறுகிறது.

வரிசை அறுந்த கதை

பந்து பிடிப்போரைப் பொறுத்தவரை கிரீன் பேக்கு நீண்ட மரபு உண்டு. விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு லட்சத்துக்குச் சற்று மிகுந்த மக்கள்தொகை கொண்ட அச்சிறு நகரின் அணி, தனியொரு செல்வந்தருக்கு உரிமையாகாமல், பொதுமக்களாகிய பங்குதாரர்களுக்கு உரியதாக இருந்து 13 முறை லீக் பட்டம் வென்றது. 1935 முதல் 1945 வரை அங்கு விளையாடிய டான் ஹட்சனே இன்றைய வைட் ரிசீவரின் முன்னோடி எனக் கருதப்படுகிறார். அவர் பிடித்த 99 டச் டவுன்கள் என்ற சாதனை 1989 வரை முறியடிக்கப்படவில்லை.

அண்மைக் காலத்தில் அவ்வணி ஒரு தெளிவான முறையைப் பின்பற்றியது. கல்லூரி ஆட்டத்தை முடித்துவரும் இளம் வீரர்களை, முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிகள் முதலில் தேர்ந்தெடுக்கும் முறையில், ஏழு சுற்றுகளாக எல்லா அணிகளும் பங்கிட்டுக்கொள்ளும் நிகழ்வு 'டிராஃப்ட்' எனப்படும். இதில் பேக்கர்ஸ் 2006இல் கிரெக் ஜென்னிங்ஸ், 2008இல் ஜோர்டி நெல்சன், 2011இல் ரேண்டல் காப், 2014இல் டவான்டே ஆடம்ஸ் என, ஏறக்குறைய மூன்றாண்டுக்கு ஒருமுறை, இரண்டாம் சுற்றில் ஒரு ரிசீவரைத் தேர்ந்தெடுத்தது. மூத்தவர் உச்சத்தில் இருக்கும்போதே இளையவர் அணிக்குள் வந்து, பக்கத்திலிருந்து கற்று, மூத்தவர் விலகும் வேளையில் முழு வீரராக நின்றார். ஆடம்ஸே இதற்குச் சான்று: 2015இல், தம் இரண்டாம் பருவத்தில், கைக்கு வந்த பந்துகளைத் தவறவிட்டதற்காகக் கடுமையாக விமர்சிக்கப்பட்ட அவர், மூன்றாம் பருவத்தில் 12 டச் டவுன்களைப் பிடித்தார், பின்னர் லீக்கிலேயே முதன்மையானவர்களுள் ஒருவரானார்.

2014க்குப் பின் இவ்வரிசை அறுந்தது. 2018இல் நெல்சன் விடுவிக்கப்பட்டார். 2019இல் காப் வேறு அணிக்குப் போனார். அவர்களின் இடத்துக்கு 2018 டிராஃப்டில் நான்கு, ஐந்து, ஆறாம் சுற்றுகளில் மூன்று பேர் எடுக்கப்பட்டனர்; அவர்களுள் எவரும் ஆடம்ஸுக்கு இணையாக வளரவில்லை. 2020 டிராஃப்டில் முதலிரு சுற்றுகளில் மட்டும் 13 வைட் ரிசீவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட அளவுக்கு அவ்விடத்துக்கு நல்ல வீரர்கள் மிகுந்திருந்தும், பேக்கர்ஸ் ஏழு சுற்றுகளிலும் ஒருவரைக்கூட எடுக்கவில்லை. முதற் சுற்றில் ராட்ஜர்ஸுக்குப் பின் வரவேண்டியவராக ஜோர்டன் லவ் என்ற குவார்ட்டர்பேக்கைத் தேர்ந்தெடுத்தது. எறிபவருக்கு வாரிசு தேடிய அணி, பிடிப்பவருக்கு வாரிசு தேடவில்லை. ஆடம்ஸ் நலமாக விளையாடியவரை அக்குறை வெளியே தெரியவில்லை. 2021இல் அவர் 123 முறை பந்தைப் பிடித்து 1,553 கஜம் முன்னேறினார். அணி எறிதல் வழியே அடைந்த முன்னேற்றத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவர் ஒருவருடையது. ஒருவர்மீது இவ்வளவு சாய்ந்திருந்ததே உண்மையில் பற்றாக்குறையின் முதல் அடையாளம்.

பணமும் விருப்பமும்

2022 மார்ச்சில் ஆடம்ஸ் லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். அவருக்கு ஈடாக அவ்வாண்டு டிராஃப்டின் 22ஆம், 53ஆம் தேர்வு உரிமைகளைப் பேக்கர்ஸ் பெற்றது. ரெய்டர்ஸ் அவருக்கு ஐந்தாண்டுக்கு 14 கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்தம் வழங்கியது. எனினும் அவருடைய விலகலுக்குப் பணம் மட்டுமே காரணமன்று. கல்லூரிக் காலத்தில் தமக்குப் பந்து எறிந்த டெரிக் கார் அப்போது ரெய்டர்ஸில் இருந்தார். அவருடன் மீண்டும் விளையாட வேண்டுமென்ற விருப்பத்தை ஆடம்ஸ் வெளிப்படையாகவே தெரிவித்திருந்தார்.

ஆயினும் பணத்தின் பங்கைக் குறைத்து மதிப்பிட இயலாது. ஐபிஎல் ஏலத்தில் அணிகளுக்குச் செலவு வரம்பு இருப்பதுபோல, என்எஃப்எல்லிலும் வீரர்களின் மொத்த ஊதியத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2022இல் அது ஓர் அணிக்கு 20.82 கோடி டாலராக இருந்தது. ராட்ஜர்ஸ் அதே மார்ச்சில் ஆண்டுக்குச் சுமார் 5 கோடி டாலர் பெறும் புதிய ஒப்பந்தத்துக்கு இசைந்தார். அதே காலத்தில் ரிசீவர்களின் சந்தை விலையும் ஏறியது: கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணியின் டைரீக் ஹில், மயாமி டால்ஃபின்ஸுக்கு மாற்றப்பட்டு, நான்காண்டுக்கு 12 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றார், டென்னசி டைட்டன்ஸின் ஏ. ஜே. பிரவுன், டிராஃப்ட் நாளன்றே ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்குப் போனார். விலை ஏறும் சந்தையில், கையிலிருந்ததை விட்டுவிட்டுப் புதிதாக வாங்க நினைக்கும் அணிக்கு நல்ல சரக்கு எட்டாமற் போவது இயல்பே.

ஆடம்ஸைத் தொடர்ந்து மார்க்கேஸ் வால்டெஸ்-ஸ்கேன்ட்லிங் கான்சஸ் சிட்டிக்கும், ஈக்வனிமியஸ் செயின்ட் பிரவுன் சிகாகோ பேர்ஸுக்கும் சென்றனர். சில வாரங்களுக்குள் மூன்று ரிசீவர்களை அணி இழந்திருந்தது.

எண்ணிக்கையில் ஏழு பேர்

வெற்றிடத்தை நிரப்ப அணிக்கு மூன்று வழிகள் உண்டு: ஒப்பந்தம் முடிந்த மூத்த வீரரை அமர்த்துவது, பிற அணியிடமிருந்து மாற்றிப் பெறுவது, டிராஃப்டில் இளையவரை எடுப்பது. பொது மேலாளர் பிரையன் கூட்டகுன்ஸ்ட் முதல் வழியில், காயங்களால் பலமுறை அவதியுற்ற சாமி வாட்கின்ஸைச் சேர்த்தார். டிராஃப்டில் முதற் சுற்றுத் தேர்வுகள் இரண்டையும் தற்காப்பு வீரர்களுக்குச் செலவிட்ட பின், 53ஆம், 59ஆம் தேர்வுகளை மினசோட்டா வைக்கிங்ஸிடம் கொடுத்து 34ஆம் இடத்துக்கு முன்னேறி, வட டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியன் வாட்சனை எடுத்தார். 2014இல் ஆடம்ஸ் தேர்ந்தெடுக்கப்பட்டதும் 53ஆம் இடத்தில்தான். நான்காம் சுற்றில் நெவாடா பல்கலைக்கழகத்தின் ரோமியோ டப்ஸும் ஏழாம் சுற்றில் சமோரி டூரேயும் வந்தனர்.

பருவத் தொடக்கத்தில் இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற வைட் ரிசீவர்கள் ஆலன் லசார்ட், ரேண்டல் காப், வாட்கின்ஸ், வாட்சன், டப்ஸ், அமாரி ராட்ஜர்ஸ், டூரே என எழுவர். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இதைப் பற்றாக்குறை என்று சொல்ல இடமில்லை. ஆனால் அவர்களுள் மூவர் புதுமுகங்கள். வாட்கின்ஸ் அணிக்குப் புதியவர். அமாரி ராட்ஜர்ஸ் முந்தைய பருவத்தில் பிடித்தவை நான்கே. குவார்ட்டர்பேக்கின் கண்ணசைவையும் கைச்சாடையையும் நீண்டகாலப் பழக்கத்தால் அறிந்தவர்கள் லசார்டும், 2021இல் அணிக்குத் திரும்பியிருந்த காப்பும் மட்டுமே. ஆரன் ராட்ஜர்ஸோ ஆட்டக் கோட்டில் நின்று எதிரணியைப் பார்த்த பிறகு, சிறு சைகையால் பாதையை மாற்றும் வழக்கமுடையவர். புதியவர்க்கு அச்சைகைகள் பழகவே மாதங்கள் வேண்டும். வாட்சன் முழங்கால் அறுவைச் சிகிச்சையால் ஆயத்தப் பயிற்சியின் தொடக்கத்தைத் தவறவிட்டார். ராட்ஜர்ஸ் கட்டாயமற்ற கோடைப் பயிற்சிகளுக்கு வராததால், பழகும் காலம் இன்னும் சுருங்கியது. ஆகஸ்டில், இளையவர்கள் பந்தைத் தவறவிடுவதையும் பாதைகளைப் பிழையாக ஓடுவதையும் அவர் செய்தியாளர்களிடம் வெளிப்படையாகவே குறை கூறினார்.

பருவம் சொன்ன தீர்ப்பு

2022 செப்டம்பர் 11 அன்று மினியாப்பொலிஸில் வைக்கிங்ஸுக்கு எதிரான முதல் ஆட்டத்தில், பேக்கர்ஸ் தாக்குதலின் முதல் முயற்சியிலேயே காவலரை முந்திச் சென்ற வாட்சனின் கைக்குப் பந்து சரியாக வந்தது. 75 கஜ டச் டவுனாக வேண்டிய அப்பந்தை அவர் தவறவிட்டார். கணுக்கால் காயத்தால் லசார்ட் அன்று விளையாடவில்லை. எதிரணியில் ஜஸ்டின் ஜெஃபர்சன் என்ற வைட் ரிசீவர் 184 கஜமும் இரண்டு டச் டவுனும் சேர்க்க, பேக்கர்ஸ் 7-23 எனத் தோற்றது.

முதல் நான்கு ஆட்டங்களில் மூன்றை வென்றாலும், அதன்பின் ஐந்து ஆட்டங்களில் தொடர்ந்து தோல்வி. வாட்சனும் டப்ஸும் காப்பும் வாட்கின்ஸும் மாறிமாறிக் காயமுற்றதால், வளர வேண்டிய புரிதல் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது. ராட்ஜர்ஸின் விரல் எலும்பு முறிந்ததும் சேர்ந்துகொண்டது. 2021இல் 37 டச் டவுன் எறிந்து நான்கு முறை மட்டுமே பந்தை எதிரியிடம் இழந்த அவர், 2022இல் 26 டச் டவுன்களுக்கு 12 முறை இழந்தார். அணி எடுத்த மொத்தப் புள்ளிகள் 450இலிருந்து 370 ஆகக் குறைந்தன.

நவம்பரில் டல்லஸ் கௌபாய்ஸுக்கு எதிராக வாட்சன் மூன்று டச் டவுன்களைப் பிடித்து, கூடுதல் நேரத்தில் 31-28 என்ற வெற்றிக்கு வழிசெய்தார். அதிலிருந்து நான்கு ஆட்டங்களில் அவர் பெற்றவை எட்டு டச் டவுன்கள். செப்டம்பரில் பந்தைத் தவறவிட்ட வீரரும் இவரே. திறமை அன்றும் இருந்தது; இரண்டு மாதப் பழக்கமே குறைந்திருந்தது. அந்த இரண்டு மாதங்களின் விலையை அணி கட்டி முடித்தது கடைசி ஆட்டத்தில்: டெட்ராய்ட் லயன்ஸிடம் 16-20 எனத் தோற்று, அடுத்த கட்டத்துக்குச் செல்லும் வாய்ப்பை இழந்தது.

கான்சஸ் சிட்டியின் ஒப்புமை

அதே ஆண்டு ஹில்லை இழந்த கான்சஸ் சிட்டியோ 14 வெற்றிகளுடன் பருவத்தை முடித்து, இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் ஈகிள்ஸை 38-35 என வென்றது. ஆகவே முதன்மை ரிசீவரை இழப்பதே வீழ்ச்சிக்குக் காரணம் என்று முடிவுகட்ட முடியாது. அங்கு குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸின் மிக நம்பகமான துணை, 2013 முதல் அணியிலிருந்த டைட் எண்ட் டிராவிஸ் கெல்சி. அப்பருவத்தில் அவர் 110 முறை பந்தைப் பிடித்தார். புதிய ரிசீவர்கள் பழகும்வரை சாய்ந்துகொள்ளத் தூண் ஒன்று அங்கு இருந்தது. கிரீன் பேயில் இருந்த ஒரே தூண் ஆடம்ஸ். மறுபுறம், ஆடம்ஸ் சென்ற ரெய்டர்ஸிலோ அவர் 1,516 கஜமும் 14 டச் டவுனும் சேர்த்தும் அணி 6 ஆட்டங்களில் மட்டுமே வென்றது; தனியொருவரை விலைகொடுத்து வாங்குவதும் முழுத் தீர்வாகாது என்பதற்கு அதுவே சான்று.

எது உண்மையான பற்றாக்குறை

2023இல் ராட்ஜர்ஸ் நியூயார்க் ஜெட்ஸுக்குச் சென்றார். ஜோர்டன் லவ் பொறுப்பேற்றார். அவ்வாண்டு டிராஃப்டிலும் இரண்டாம் சுற்றில் ஜேடன் ரீட், ஐந்தாம் சுற்றில் டொன்டேவியன் விக்ஸ் என ரிசீவர்களைப் பேக்கர்ஸ் எடுத்தது. மூத்த வைட் ரிசீவர் எவருமே இல்லாத நிலையில் மேலும் ஒரு வீழ்ச்சி எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் எறிபவரும் பிடிப்பவர்களும் ஒன்றாகவே கற்று, ஒன்றாகவே தவறி, பருவத்தின் பிற்பாதியில் ஒன்றாகவே தேறினர். லவ் 32 டச் டவுன்களை எறிந்தார். ரீடும் டப்ஸும் தலா எட்டைப் பிடித்தனர். அடுத்த கட்டத்துக்குத் தகுதி பெற்ற அணி, டல்லஸை அதன் சொந்தக் களத்திலேயே 48-32 என வென்றது.

இரு பருவங்களையும் ஒப்பிடும்போது தெளிவாகும் உண்மை ஒன்றுண்டு. பருவத்துக்கு முந்தைய பட்டியலில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைக் கொண்டு பற்றாக்குறையை அளக்க முடியாது. குவார்ட்டர்பேக்குடன் ஒரே கண்ணால் களத்தைப் பார்க்கப் பழகியவர்கள் எத்தனை பேர் என்பதே சரியான அளவுகோல். அந்தப் பழக்கத்தை ஏலத்தில் எடுக்கவோ, கோடைச் சந்தையில் வாங்கவோ முடியாது. தேவை வரும் முன்பே, மூத்தவர் உச்சத்தில் இருக்கும்போதே, அடுத்தவரைக் கொண்டுவந்து வளர்த்தால்தான் அது கிடைக்கும். 2006 முதல் 2014 வரை கிரீன் பே இதைச் செய்தது. அடுத்த எட்டாண்டுகள் செய்யத் தவறியது. தவறியதன் பலனை 2022இல் அனுபவித்தது. 2025 டிராஃப்டில், தன் சொந்த நகரிலேயே நடந்த அந்நிகழ்வின் முதற் சுற்றில், 23ஆம் தேர்வாக மேத்யூ கோல்டன் என்ற வைட் ரிசீவரை அவ்வணி எடுத்தது. முதற் சுற்றில் அவ்விடத்துக்கு ஒருவரை அது தேர்ந்தெடுத்தது 2002க்குப் பின் அதுவே முதன்முறை.